மூடியில் ஒரு ஊசித்துளை



இன்றைக்கு டீசல் எஞ்சினைப் பற்றி எழுதப் போகிறேன். "வரலாறு வாத்தியார் எப்போது ஒர்க்‌ஷாப் வைத்தார்?" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள். உங்களில் பாதிப் பேர் வண்டி வைத்திருக்கிறீர்கள். தவணை கட்டுகிறீர்கள். இது உங்கள் பாக்கெட்டைத் தொடும் வரலாறு.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம். நம் ஜெயமங்கலத்துப் பிள்ளைதான். சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்துக் காய்கறி ஏற்றி மூணாறுக்கு ஓட்டுகிறார். திண்ணையில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். வாத்தியாருக்கு அது போதும், ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று புரிந்துவிட்டது.

"சார், ஒரு அம்பதாயிரம் பொரட்ட முடியுமா சார்? மூணு மாசத்துல குடுத்துருவேன்."

"எதுக்குப்பா?"

"வண்டி ஏத்தத்துல நிக்கிது சார். பம்பும் போச்சு, நாலு நாசிலும் போச்சுங்கறாங்க. லட்சத்தத் தாண்டும் சார். வீட்ல நகைய வச்சா பாதி வந்துரும். மீதிக்குத்தான்..."

நடந்தது இதுதான். அதிகாலையில் லோடு ஏற்றிக்கொண்டு போடியைத் தாண்டி, முந்தல் செக்போஸ்ட் தாண்டி, மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி இழுக்கவில்லை. புலியூத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் நின்றேவிட்டது. ஐந்து நிமிடம் விட்டு செல்ப் அடித்தால் எடுக்கிறது. சமதளத்தில் ஓடுகிறது. மறுபடி ஏற்றத்தில் மிதித்தால் நிற்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். பி 0087 என்று வந்தது. ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். உடனே பம்ப், நாசில் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட வேறொன்று என் மனதில் ஓடியது. "விட்டு விட்டு நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து எடுக்கிறது" என்ற அந்த வார்த்தை. இதை நான் ஐம்பது வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறேன்.

அப்போது நான் எட்டாவது படித்தேன். நம் பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்த காலம். அப்பாவுக்கு அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால். கிணற்றில் ஆயில் எஞ்சின். இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், அது ஒற்றை சிலிண்டர் எஞ்சின். இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதி வரும் சக்கரங்கள். இரண்டு பேர் சேர்ந்து கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டும். "டுக்... டுக்... டுக்..." என்ற சத்தம் வராக நதிக்கு அந்தக் கரையிலும் கேட்கும். எந்தச் சத்தம் யார் வீட்டு எஞ்சின் என்று ஊரே சொல்லும்.

ஒரு கோடையில் எங்கள் எஞ்சின் கால் மணி நேரம் ஓடும், நின்றுவிடும். சிறிது நேரம் கழித்துச் சுற்றினால் எடுக்கும், மறுபடி நிற்கும். பார்த்த ஆள் "பம்ப் போச்சு" என்றார். பம்பைக் கழற்றிச் சாக்கில் கட்டி மதுரைக்கு பஸ் ஏற்றி அனுப்பினார் அப்பா. அது திரும்பி வர எட்டு நாள் ஆனது. கொடிக்காலுக்கு எட்டு நாள் தண்ணீர் இல்லை என்றால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடத்தில் சுமந்து ஊற்றினோம். முக்கால்வாசிக் கொடி கருகியது. பம்பில் கோளாறே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், கூலி மட்டும் வாங்கிக்கொண்டு. மாட்டி ஓட்டினால் பழையபடி கால் மணி நேரத்தில் நின்றது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சுருட்டோடு வந்தார். ஒன்றும் பேசாமல் எஞ்சினுக்கு மேலிருந்த டீசல் டேங்க்கின் மூடியைத் திருகினார். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் சாயங்காலம் வரை நிற்காமல் ஓடியது.

மூடியின் நடுவில் ஒரு ஊசித்துளை உண்டு. டீசல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். குளவி மண் வைத்து அந்தத் துளையை அடைத்திருந்தது. காற்று வரவில்லை, டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டானது, டீசல் இறங்கவில்லை. நிறுத்திவைத்தால் மெல்ல எங்காவது காற்றுக் கசிந்து சமனாகிவிடும். அதனால்தான் மறுபடி எடுத்தது. காசே இல்லாத கோளாறு. அதற்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு கொடிக்கால். அந்தக் கடனை அப்பா நான்கு வருடம் கட்டினார்.

அதனால் அந்தப் பையனிடம் சொன்னேன்: "பணத்த அப்புறம் பாக்கலாம். மொதல்ல இன்னொரு ஆளுகிட்ட வண்டியக் காட்டலாம், வா."

அங்கே போவதற்கு முன் உங்களுக்குக் கொஞ்சம் வரலாறு நடத்திவிடுகிறேன். டீசல் என்றாலே எல்லோரும் ஏன் முதலில் பம்பைக் குற்றம் சொல்கிறார்கள்? அதற்குக் காரணம் இருக்கிறது.

ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். காற்றை மிகக் கடுமையாக அமுக்கினால் அது சூடாகும், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை என்பது அவர் யோசனை. 1893-ல் காப்புரிமை கிடைத்தது. 1897 பிப்ரவரி 17 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ஷ்ரோட்டர் அந்த எஞ்சினைச் சோதித்தார். எரிபொருளின் ஆற்றலில் 26.2 சதவீதம் உழைப்பாக மாறியது. சாதாரண நீராவி எந்திரம் அதில் பாதியைத் தொடவே திணறிய காலம் அது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது.

ஆனால் அவரை விடாமல் வாட்டிய சிக்கல் ஒன்று உண்டு. சிலிண்டருக்குள் ஏற்கெனவே காற்று கடுமையாக அமுங்கி இருக்கிறது. அதை எதிர்த்து, துளியூண்டு எண்ணெயை, பனிபோலத் தூளாக்கி, சரியான நொடியில் உள்ளே செலுத்த வேண்டும். அந்த நுணுக்கத்துக்குப் பம்ப் செய்ய அன்று முடியவில்லை. எனவே தனியாக ஒரு காற்றமுக்கி வைத்து, 60, 70 பார் அழுத்தக் காற்றால் எண்ணெயை ஊதித் தள்ளினார். காற்றமுக்கியின் கனத்தால் எஞ்சின் தொழிற்சாலையிலும் கப்பலிலும் மட்டுமே இருக்க முடிந்தது. வண்டியில் ஏற முடியவில்லை. 1913 செப்டம்பரில் ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடக்கும்போது டீசல் காணாமல் போனார். டீசல் லாரிகள் விற்பனைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்தக் காற்றமுக்கியை ஒழித்தது பம்ப்தான். ராபர்ட் போஷின் நிறுவனம் 1922 கடைசியில் வேலையைத் தொடங்கி, 1927-ல் டீசல் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அந்தப் பம்புக்குள் ஒரு உருளை, அதற்குள் ஒரு தண்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். நம் தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிக்கு மசகு எண்ணெயும் தனியாகக் கிடையாது. ஓடுகிற டீசல்தான் மசகு. தூசி வந்தால் கீறும். தண்ணீர் வந்தால் துரு. ரேஷன் மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்புக் குறைந்து தேயும். இவ்வளவு நுணுக்கமான, இவ்வளவு விலையுள்ள பொருள் என்பதால் எஞ்சினில் எது நடந்தாலும் பழி அதன் மேல் விழுந்தது.

இந்தியாவில் 1951-ல் பெங்களூரில் மைகோ நிறுவனம் தொடங்கியது. போஷ் நிறுவனத்தின் இந்தியக் கிளைதான் அது. நம் ஊர் மெக்கானிக்குகள் டீசல் பம்பையே "மைகோ பம்ப்" என்று சொல்வது அதனால்தான். அதற்கு முன்பே 1946-ல் புனே பக்கம் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் நிறுவனம் வந்துவிட்டது. 1954-ல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் லாரி வெளியே வந்தது. 1955-ல் சென்னையில் அசோக் லேலண்ட் என்ற பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல், மதுரை டி.வி.சுந்தரம் ஐயங்கார் செய்த கரிவாயுக் கலனை மாட்டிக்கொண்டு பஸ்கள் ஓடியதை எங்கள் தாத்தா சொல்வார். ஒரே தலைமுறைக்குள் கரியிலிருந்து டீசலுக்கு வந்துவிட்டோம்.

பம்ப்செட்டைப் பொறுத்தவரை கரண்ட் கம்பி வந்த இடங்களில் மோட்டார், வராத இடங்களில் ஆயில் எஞ்சின். 1990-ல் விவசாய மோட்டார்கள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் இலவசம் ஆனது. அதோடு ஆயில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. எங்களுடையதும் போனது.

டீசல் கிணற்றை விட்டு ரோட்டுக்கு வந்தது. 2005-ல் டாடா ஏஸ் வந்ததும் நாம் அதற்குக் "குட்டி யானை" என்று பெயர் வைத்தோம். இரண்டு சிலிண்டர், 702 சிசி. மாட்டு வண்டி போன சந்துக்கெல்லாம் அது போனது. அதற்கு மேல் கனம் ஏற்ற பிக்கப் வண்டிகள். சின்னமனூர் வாழை, கம்பம் திராட்சை, வடுகபட்டிப் பூண்டு, பெரியகுளம் மாங்காய் எல்லாம் அதில்தான் போகின்றன.

இந்த வண்டிகளுக்குள் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. அதன் பெயர் காமன் ரெயில். ரயில் வண்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்ப் தனித்தனியாக, வேளைக்கு ஒருமுறை டீசலை அடிக்கும். நாசில் திறக்க 200 பார் சுமார் போதும். புதிய முறையில் ஒரு கனத்த இரும்புக் குழாய். அதில் எப்போதும் உயர் அழுத்தத்தில் டீசல் நிறைந்திருக்கும். கம்ப்யூட்டர் சொல்லும்போது அந்தந்த நாசில் திறக்கும். ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, வீட்டுக்கு வீடு குழாய் என்பதுபோல. 1995-ல் ஜப்பானில் டென்சோ நிறுவனம் லாரியில் இதை ஓட்டியது. இத்தாலியில் ஃபியட் ஆட்கள் உருவாக்கியதை போஷ் வாங்கிச் செம்மைப்படுத்தி 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்தது. இன்று நம் பிக்கப்புகளிலும் வந்துவிட்டது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதி. புகை குறைய வேண்டும் என்றால் டீசல் இன்னும் பொடியாகத் தூவ வேண்டும், அதற்கு அழுத்தம் இன்னும் கூட வேண்டும்.

எவ்வளவு அழுத்தம்? நம் வைகை அணை 71 அடி நிரம்பி நிற்கும்போது அதன் அடியில் தண்ணீர் அழுத்தம் இரண்டு பார் அளவுதான். அந்தப் பிக்கப்பின் ரெயிலில், முழு லோடில் மலை ஏறும்போது, 1,600 பார். அந்த அழுத்தம் தண்ணீரில் வேண்டுமென்றால் 16 கிலோமீட்டர் ஆழம் போக வேண்டும். உலகில் அவ்வளவு ஆழமான கடலே இல்லை. மரியானா அகழியே 11 கிலோமீட்டர்தான்.

இப்போது மெக்கானிக்கிடம் வருவோம். தேனியில் என் வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். பையனாக இருக்கும்போது ஆயில் எஞ்சின் பம்ப் கழுவி வேலை கற்றவர், இப்போது லேப்டாப்பும் வைத்திருக்கிறார். மதிப்பீட்டுச் சீட்டை வாங்கிப் படித்தார். "தப்பில்ல சார். அழுத்தம் கொறச்சல்னு மிஷின் சொல்லிருக்கு. ஏன் கொறச்சல்னு அது சொல்லாது. அத நாமதான் கேக்கணும்" என்றார். வரலாறு வாத்தியாருக்கு இதைவிட நல்ல வாக்கியம் வேறு யார் சொல்வார்கள்? ஆவணம் என்ன நடந்தது என்று சொல்லும். ஏன் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். வண்டி வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. "உஸ்" சத்தம் வரவில்லை. சரி, அது இல்லை.

இரண்டாவது, டீசல் பில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடித்தார். தண்ணீர் இருந்தால் டம்ளரின் அடியில் தனியாகத் தங்கும். இரும்புத்தூள் மினுமினுத்தால் பம்ப் உள்ளே அரைபடுகிறது, உண்மையிலேயே பெரிய செலவு. இரண்டும் இல்லை. பில்டர் மாற்றி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார். மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது என்றான். வண்டி நிற்க ஆரம்பித்து எவ்வளவு நாள் என்று அடுத்துக் கேட்டார். அதுவும் ஏறக்குறைய இரண்டு மாதம். மெக்கானிக் தலையை ஆட்டினார். நான் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றாவது, நாசில் ஒவ்வொன்றின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி நான்கு சின்ன பாட்டில்களில் விட்டு எஞ்சினை ஓடவிட்டார். எந்த நாசில் தேய்ந்திருக்கிறதோ அதன் பாட்டில் மட்டும் மற்றதைவிடச் சீக்கிரம் நிறையும். ரெயிலில் சேர வேண்டிய டீசல் அந்த வழியாகத் திரும்பி ஓடிவிடும். நான்கு பாட்டிலிலும் ஒரே மட்டம். நாசில் நன்றாக இருக்கிறது.

நான்காவது, பில்டருக்கும் பம்புக்கும் இடையில் இருந்த கருப்பு ஹோஸைக் கழற்றி, கண்ணாடிபோல் தெரியும் ஒரு பிளாஸ்டிக் ஹோஸை மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை ஏற்றினார். சும்மா ஓடும்போது ஒன்றிரண்டு பொட்டு. ஏற்ற ஏற்றச் சோடாபோலக் குமிழ் குமிழாகக் காற்று.

"சார், இங்க பாருங்க. பம்பு சோறு கேக்குது, நாம காத்தக் குடுக்குறோம்."

ஆனால் எங்கேயும் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லையே என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். "சார், நீங்க கிணத்துல மோட்டார் பைப்புக்குச் சாணி பூசுனது இல்லையா?"

பூசியிருக்கிறேன். நம் ஊரில் யார்தான் பூசவில்லை? கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் எஞ்சினையே திட்டு கட்டிக் கீழே இறக்குவோம். ஏனென்றால் உறிஞ்சு குழாய் 25 அடிக்கு மேல் இழுக்காது. உறிஞ்சுவது உண்மையில் பம்ப் இல்லை. பம்ப் உள்ளே காலியிடம் உண்டாக்கும், வெளியில் இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளும். அந்த அழுத்தம் மொத்தமே ஒரு பார். அந்தக் குழாயின் இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். பம்ப் சுற்றும், தண்ணீர் வராது. அதற்குத்தான் சாணி. அந்தப் பிக்கப்பிலும் டேங்க்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதை அப்படி உறிஞ்சும் பாதைதான். 1,600 பார் தயாரிக்கிற பம்புக்கு டீசல் கொண்டுவருவது ஒரு பாருக்கும் குறைவான காற்றின் தள்ளுதல். போடிமெட்டு ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். மேலே போகப் போக அந்தத் தள்ளுதலும் குறையும். லோடு கூடும்போது டீசல் அதிகம் வேண்டும், அதிகம் இழுக்கும்போது காற்றும் அதிகம் நுழையும். டீசல் ஏறக்குறைய அமுங்காது, அதனால் தண்டு தள்ளியதும் அழுத்தம் ஏறும். காற்று பஞ்சுபோல அமுங்கிக்கொடுக்கும், அழுத்தம் ஏறாது. வண்டி சமதளத்தில் ஓடி ஏற்றத்தில் நின்றது அதனால்தான்.

விரிசல் பில்டருக்கு வரும் ஹோஸில், கிளாம்ப் இறுக்கும் இடத்துக்கு அடியில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் பில்டர் மாற்றியபோது ஹோஸைத் திருகி இழுத்துக் கழற்றியிருக்கிறார்கள். பழைய ரப்பர் கீறிவிட்டது. அதே கிளாம்பைக் கீறலின் மேலேயே போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஹோஸ், இரண்டு கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்துச் செலவு ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, ஸ்கேனரில் ரெயில் அழுத்தம் கேட்டதும் கிடைத்ததும் ஒன்றாக நிற்பதைக் காட்டினார். மறுநாள் முழு லோடோடு போடிமெட்டு ஏறி இறங்கி வந்து போன் செய்தான் பையன். நகை பீரோவிலேயே இருக்கிறது.

எல்லா வண்டியும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. சில வண்டிகளில் டேங்க்குக்குள்ளேயே கரண்ட் பம்ப் இருந்து சில பார் அழுத்தத்தில் தள்ளும். அதில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே ஒழுகும். அங்கே அந்தப் பம்பையும் அதற்குப் போகும் ஒயரையும் பார்க்க வேண்டும். ரெயில் வால்வு போயிருக்கலாம். நாசில் தேய்ந்திருக்கலாம். பெரிய பம்பே போயிருக்கலாம், அப்போது செலவு செய்துதான் ஆக வேண்டும். நான் சொல்வது வரிசை. விலை குறைந்ததிலிருந்து விலை கூடியதற்குப் போங்கள். டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் போங்கள். பில்டர், தண்ணீர், காற்று, ரிட்டர்ன் என்று எல்லாம் பார்த்த பிறகு கடைசியில் பம்ப்.

இன்னும் ஒன்று, மிக முக்கியம். பழைய எஞ்சினில் காற்றுப் பிடித்தால் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி, சுற்றிவிட்டு, டீசல் சீறுவதைக் கையால் பார்த்துப் பழகியவர்கள் நாம். அன்றும் அது சரியில்லை, ஆனாலும் தப்பித்தோம். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். எஞ்சின் ஓடும்போது ரெயிலிலும் அதன் பைப்புகளிலும் கை வைக்கக் கூடாது. எங்கே கசிகிறது என்று விரலால் தடவக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளிபோல்தான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. அப்படி நடந்தால் "சின்னக் காயம்" என்று விடாமல் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன பட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். அப்பாக்களிடம் கற்ற கைப்பழக்கத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிந்துகொள்ளவும்தான் வரலாறு படிக்கிறோம்.

1897-ல் ஆக்ஸ்பர்க்கில் தொடங்கி இன்றைய பிக்கப் வரை, உயர் அழுத்தத்தை உண்டாக்க எவ்வளவோ பெரிய மூளைகள் உழைத்திருக்கின்றன. அந்தப் பக்கம் பெரும்பாலும் தன் வேலையைச் செய்துவிடுகிறது. நம்மை நடுரோட்டில் நிறுத்துவது பெரும்பாலும் இந்தப் பக்கம்: ஒரு மூடி, ஒரு ஹோஸ், ஒரு கிளாம்ப். எங்கள் வீட்டில் காற்று போக வேண்டிய துளையில் போகவில்லை. அந்தப் பையன் வண்டியில் போகக் கூடாத துளையில் போனது. இரண்டு தடவையும் பழி சுமந்தது பம்ப்தான்.

அந்தக் கோடைக்குப் பிறகு அப்பா ஒரு கோணி ஊசியை நூலில் கட்டி டேங்க் கைப்பிடியில் தொங்கவிட்டார். தினமும் எஞ்சினைச் சுற்றும் முன் மூடித் துளையில் ஒருமுறை குத்தி எடுப்பார். எஞ்சினை விற்ற அன்றும் குத்திப் பார்த்துத்தான் கொடுத்தார். வாங்கியவர் பழைய இரும்புக்கடைக்காரர். அவருக்கு அது எதற்கென்று தெரியவில்லை.

நீளமாக எழுதிவிட்டேன். வகுப்பில் மணி அடித்தாலும் விடாதவன் என்று உங்களுக்குத்தான் தெரியுமே. வண்டி ஓட்டுபவர்கள், பம்ப் வேலை தெரிந்தவர்கள், நான் எழுதியதில் பிழை இருந்தால் கமெண்டில் திருத்துங்கள், வருத்தப்பட மாட்டேன். உங்கள் வீட்டு ஆயில் எஞ்சின் நினைவுகள் இருந்தால் அதையும் எழுதுங்கள். லோடு ஏற்றி மலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதை அனுப்பிவையுங்கள். கொண்டை ஊசி வளைவில் நிதானமாகப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்,
ஜெயமங்கலம்